நடைப்பிணமும் நாற்படையும்

கற்பனைக்கு எல்லை இல்லை என்பர். இல்லாமல் இருக்கலாம், ஆயின் கற்பனைக்கும் ஒரு கணக்கு உண்டு. பறக்கும் குதிரையைப் படைக்கும் புலவன், அக்குதிரை எங்கே இறங்கிற்று என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். கதையின் முதற்பொய்யை மனமுவந்து ஏற்கும் படிப்போன், அதன்பின் வருவன யாவும் அப்பொய்க்குப் பொருந்தி வருகின்றனவா என்று பார்க்கும் உரிமையைக் கைவிடுவதில்லை.

இறந்தோர் எழுந்து நடந்து, உயிரோடிருப்போரைக் கடித்து, கடிபட்டோரும் அவ்வண்ணமே ஆகி, உலகு அழிவதாகப் புனையும் கதைகள் மேனாட்டில் பெருகி, இன்று நம் நாட்டுத் திரைக்கும் வந்துவிட்டன. இளைஞர் 'ஜாம்பி' என்று வழங்கும் அவ்வுருவை நம் வழக்கிலுள்ள 'நடைப்பிணம்' என்னும் சொல்லாலேயே யாம் குறிப்போம். இக்கதைகள் வேண்டா என்பது எமது வாதம் அன்று. பிணம் எழுந்து நடந்தது என்னும் முதற்பொய்யையும் ஏற்றுக்கொள்கிறோம். எமது வழக்கு இரண்டாம் பொய்யோடுதான். இக்கதைகளுட் பலவற்றில் நாட்டின் படை ஓரிரு நாளில் தோற்று மறைந்து விடுகிறது. எவ்வாறு தோற்றது என்று கேட்டால் விடை இல்லை. கதையின் பெருங்காட்சியாக அமைய வேண்டிய படையின் வீழ்ச்சி, வானொலியில் கேட்கும் இரண்டு வரிச் செய்தியாக முடிந்து போகிறது. பின்னர் ஒரு தனி வீரனும் அவனுடைய துணைவர் நால்வரும் உலகைத் தாங்குகின்றனர். படையே தோற்ற பகையைத் தனியொருவன் வெல்கிறான்! இதனை எவ்வாறு ஏற்பது?

பிணத்திடம் படை தோற்காது. தோற்குமாயின் தன்னிடமே தோற்கும். இதுவே யாம் நிறுவ முற்படும் கருத்து.

களத்துப் பேய் தமிழர்க்குப் புதிதன்று

போர்க்களத்தில் பேயைக் காட்டுவதில் உலகில் எவ்விலக்கியத்துக்கும் தமிழ் இளைத்ததன்று. முதற்குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போரைச் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் பேய்களுக்கு இருக்கும் இடம் அரசனுக்கு இருக்கும் இடத்தினும் குறைந்ததன்று. அப்பேய்கள் பசியால் வாடுகின்றன, காளியிடம் முறையிடுகின்றன, போர் வருகிறது என்று கேட்டுக் கூத்தாடுகின்றன, போர் முடிந்தபின் களத்திலே கூழ் அட்டுப் பந்தி அமர்ந்து உண்கின்றன. இங்கே நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அவை படையோடு பொருவதில்லை. படை பொருது முடிக்கும்வரை காத்திருக்கின்றன. படையால் பேய்க்கு வாழ்வே அன்றிப் பேயால் படைக்கு வீழ்வு இல்லை. அன்றியும் பரணிப் பேய்களுக்குச் சமையல் உண்டு, பரிமாறும் முறை உண்டு. இன்றைய நடைப்பிணங்களுக்கு அந்த ஒழுங்குமில்லை.

தொல்காப்பியர் காஞ்சித் திணைக்கு வகுத்த துறைகளுள் ஒன்று இன்னும் ஆழமானது. காத்து நிற்கச் சுற்றத்தார் எவரும் இன்றிப் புண்பட்டுக் கிடக்கும் வீரனைப் பேய் காத்து நிற்பதாகக் கூறும் துறை அது. பேய் எப்பொழுது வந்தது? சுற்றம் இல்லாத பொழுது வந்தது. மனிதர் விட்டகன்ற இடத்தைத்தான் பேய் நிரப்புகிறது என்னும் உண்மையை நம் இலக்கணமே அறிந்திருந்தது. இதனை நினைவில் நிறுத்திக்கொண்டு இன்றைய கதைகளுக்கு வருவோம்.

உதகையிலிருந்து கோவை வரை

தமிழின் முதல் நடைப்பிணப் படம் என்று அறிவிக்கப்பெற்று 2016-ஆம் ஆண்டு வெளிவந்தது 'மிருதன்'. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய அப்படத்தின் தலைவன் உதகையில் பணிபுரியும் போக்குவரத்துக் காவலன். உதகையில் தொடங்கிக் கோவை வரை நீளும் கதை அது. முயற்சி பாராட்டத்தக்கது; புதிய நிலத்தில் முதல் ஏர் பூட்டியவர்க்கு உரிய மதிப்பை யாம் மறுக்கவில்லை. ஆயின் அந்தச் சாலையை அறிந்தவர்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது.

உதகையிலிருந்து குன்னூருக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அவ்வழியில் முதலில் வருவது அருவங்காடு. அங்கே துப்பாக்கிக் குண்டுகளுக்கு வேண்டிய கார்டைட்டு என்னும் வெடிமருந்தைச் செய்யும் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. அடுத்து வெலிங்டன். மதராசு ரெஜிமென்டின் பயிற்சி நிலையமும் முப்படை அலுவலர் பயிலும் கல்லூரியும் அங்கே உள்ளன. அதனை அடுத்துக் குன்னூர். வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்ய 1907-இல் தோன்றிய பாஸ்டர் நிலையம் அங்கே உள்ளது. கோவைக்கு அருகே சூலூரில் விமானப்படைத் தளம். கடித்துப் பரவும் நோய் ஒன்று இந்தியாவில் எங்கேனும் தோன்ற வேண்டுமாயின், அதற்கு இதனினும் தீய நிமித்தமுடைய ஊரைத் தேடிப் பிடித்தல் அரிது! வெடிமருந்தும் வீரரும் தடுப்பு மருந்தும் ஒரே மலைச் சரிவில் வரிசையாகக் காத்திருக்கின்றன. நடைப்பிணங்கள் கோத்தகிரி வழியே சுற்றி வந்தன என்று கொண்டாலும், வெலிங்டனிலிருந்து அவ்வழியை மறிக்க எத்துணை நேரம் ஆகும்? இத்துணையும் இருந்தும் கதையில் படைக்குச் சொல்லத்தக்க பங்கு ஏதும் இல்லை. படை அங்கே தோற்கவுமில்லை, மறக்கப்பட்டது. தோல்வியைக் காட்டாமல் விடுதல் ஆசிரியர்க்கு எளிது. படிப்போர்க்கும் பார்ப்போர்க்கும் அது வஞ்சனை.

மூன்று வாதங்கள்

நடைப்பிணத்தின் பக்கம் நின்று வாதிடுவோர் மூன்று காரணம் காட்டுவர். அவை எண்ணற்றவை; அவை அஞ்சா; அவை பெருகும். ஒவ்வொன்றாகக் காண்போம்.

எண்ணிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். படைமாட்சி அதிகாரத்திலே வள்ளுவர் இதற்கு விடை கூறிவிட்டார். எலிகள் கூடிக் கடல்போல் ஆரவாரித்தாலும் நாகம் மூச்சு விட்ட அளவில் அழியும் என்பது அவர் காட்டும் உவமை. வரலாறும் இதற்குச் சான்று. 1898-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் சூடானில் ஓம்துர்மான் என்னும் இடத்தில் மகுதியின் வழிவந்த வீரர் ஏறக்குறைய ஐம்பதினாயிரவர், இயந்திரத் துப்பாக்கி ஏந்திய ஆங்கிலேய எகிப்தியப் படையை நோக்கித் திறந்த வெளியிலே பாய்ந்தனர். ஒரு காலைப் பொழுதுக்குள் அவருள் பதினாயிரவர் அளவில் மாண்டனர். எதிர்ப் பக்கத்தில் மாண்டவர் ஐம்பதின்மரை எட்டவில்லை. பாய்ந்தவர் கோழைகள் அல்லர். படைக்கலம் அற்றவரும் அல்லர். தலைவனும் சூழ்ச்சியும் உடையவர். அவர்க்கே அந்நிலை எனின், கல்லெடுத்து எறியவும் அறியாத பிணத்திரளுக்கு என்ன நிலை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, அஞ்சாமை. அச்சமின்மை வலிமை என்று கருதுவது பிழை. ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் 1932-ஆம் ஆண்டு கோதுமைப் பயிரை அழித்த ஈமுப் பறவைகளை ஒழிக்க இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளும் பதினாயிரம் தோட்டாக்களும் கொண்டு படைப்பிரிவு ஒன்று சென்றது. சில வாரங்கள் முயன்று, பெரும்பயன் காணாது திரும்பியது. ஒரு காலத்தில் ஈமுப் பண்ணை மோகத்தில் கைப்பொருள் இழந்த கொங்கு நாட்டார்க்கு அப்பறவையின் திறமை வேறு வகையில் தெரியும்! அங்கே பறவைகள் வென்றது எதனால்? அவை அஞ்சின, அஞ்சிச் சிதறி ஓடின, சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து குறிக்கு அகப்படாமல் தப்பின. அச்சமே அவற்றின் அரண். நடைப்பிணமோ அஞ்சாது; ஆகவே சிதறாது; துப்பாக்கி ஓசை கேட்ட திசைக்கே தேடி வரும். குறிபார்க்கும் வீரனுக்கு இதனினும் எளிய பகை உண்டோ? தலையிற் சுட்டால்தான் வீழும் என்பர். வீழும்வரை சுடுவதற்கு நேரம் தந்து நேரே நடந்து வருவதும் அதுவே அன்றோ?

மூன்றாவது, பெருக்கம். ஒட்டாவாவைச் சேர்ந்த கணிதர் சிலர் 2009-இல் நடைப்பிண நோய் பரவுவதைக் கணித வாய்பாடாக்கி, விரைந்தும் கடுமையாகவும் பலமுறையும் தாக்கினாலன்றி மனிதர் பிழையார் என்று முடிவு கூறினர். இவ்வாதத்தை யாம் எளிதாகத் தள்ளவில்லை. ஆயின் நோய் பரவும் இயல்பை எண்ணிப் பாருங்கள். பெரியம்மையை உலகம் ஒழித்தது. இந்தியாவில் அதன் கடைசி நோயாளி 1975-இல் காணப்பட்டார். 1980-இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அது இயன்றதற்கு ஒரு பெருங்காரணம், பெரியம்மை முகத்திலே எழுதியிருந்தது என்பதுதான். நோயாளியைக் கண்டவுடன் அறியலாம். சுற்றியிருப்போர்க்கு அம்மை குத்தி நோயை வளைக்கலாம். கொரோனா உலகை அலைக்கழித்ததோ, நோய் கொண்டோர் நோயறியாமல் நடமாடியதால். நடைப்பிணம் எவ்வகை? ஒரு கல் தொலைவிலேயே தன்னைத் தானே அறிவித்துக்கொண்டு வரும் நோய் அது. கடித்தாலன்றிப் பரவாது. நாற்பது பாகை வெயில் காயும் எம் பாலக்காட்டுக் கோடையில் பிணம் எத்தனை நாள் பிணமாகவேனும் இருக்கும் என்பதும் கேட்கத் தக்க கேள்வியே. 1766-இல் ஹைதர் அலி கட்டிய பாலக்காட்டுக் கோட்டையின் அகழி ஒன்றே ஒரு நகரத்துப் பிணங்களைத் தடுக்கப் போதும்.

படை உடையும் இடம்

அப்படியாயின் படைகள் தோற்பதே இல்லையா? தோற்கின்றன. ஆயின் தோற்கும் இடம் வேறு.

கூற்றுவனே சினந்து எதிர்வந்தாலும் ஒன்றுகூடி எதிர்த்து நிற்கும் ஆற்றலே படை என்பது வள்ளுவர் தரும் இலக்கணம். சாவே நடந்து வருவதாகக் கூறும் இக்கதைகளுக்கென்றே அவர் முன்கூட்டி எழுதி வைத்தாற்போல் அது அமைந்துள்ளது. அவ்விலக்கணத்தின் உயிர் வீரத்தில் இல்லை, ஒன்றுகூடுதலில் உள்ளது. அதே அதிகாரத்தில், எண்ணிக்கை தேய்தல், தலைவன்மேல் நீங்காத வெறுப்பு, வறுமை ஆகிய மூன்றும் இல்லாவிடில் படை வெல்லும் என்கிறார். வீரர் மிக்கிருந்தும் தலைமக்கள் இல்லாவிடில் படையே இல்லை என்று முடிக்கிறார். பகைவனின் பல்லையும் நகத்தையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரில் எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட படையினர், தம்மினும் குறைந்த தொகையினரான சப்பானியரிடம் சரணடைந்தனர். துப்பாக்கி அவரிடம் இருந்தது, ஆள் இருந்தது. நகரத்துக்குத் தண்ணீர் தரும் நீர்த்தேக்கங்கள் கைவிட்டுப் போயின, தலைமை தடுமாறியது, ஒருவர்மேல் ஒருவர்க்கு நம்பிக்கை அற்றது. வறுமையும் வெறுப்பும் தலைமையின்மையும் ஒருங்கே கூடியபொழுது பெரும்படை ஒன்று பல்லிற் படாமலே வீழ்ந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர் அதன் விளைவை மூன்றரை ஆண்டு சுமந்தனர்.

மேனாட்டுப் படைப்பாளருள் சிறந்தோர் இவ்வுண்மையை உணர்ந்தே எழுதினர். ஜார்ஜ் ரோமெரோ 1985-இல் எடுத்த படத்தில் நிலத்தடி அரணுக்குள் படைவீரரும் அறிவியலாரும் பாதுகாப்பாகவே இருக்கின்றனர். அவர்தம் பகைமை முற்றி, மனம் உடைந்த வீரன் ஒருவனே பிணங்களை உள்ளே விடுகிறான். கதவைத் திறந்தது பிணம் அன்று, மனிதன். மேக்ஸ் புரூக்ஸ் 2006-இல் எழுதிய 'வேர்ல்ட் வார் இசட்' புதினத்தில் படை யாங்கர்சு என்னும் இடத்தில் தோற்கிறது. காட்சிக்காக அணிவகுத்த படை அது. பொருந்தாத படைக்கலம், போதாத தோட்டா, வீரர்க்குள் கருவி வழியே பரவிய திகில் ஆகியவற்றால் தோற்கிறது. பின்னர் அதே படை வரிசையும் முறையும் உணவும் ஓய்வும் வகுத்துக்கொண்டு எளிய துப்பாக்கியால் வெல்கிறது. நம் நாட்டில் 2020-இல் வெளிவந்த 'பேதாள்' தொடரிலும் கிழக்கிந்தியக் கும்பினியின் செத்த சிப்பாய்களுக்கு ஒரு தலைவன் இருக்கிறான். அவன் ஏவலுக்கு அவை அடங்குகின்றன. எதிரே நிற்கும் சிறப்புப் படையோ பழங்குடி மக்களை ஊரைவிட்டு அகற்றும் ஏவலை மேற்கொண்டு, மனச்சான்று உறுத்த வந்தது. அங்கே பிணங்கள் ஒன்றுகூடி நிற்க, மனிதர் பிரிந்து நிற்கின்றனர். அத்தோல்வியை யாம் நம்புகிறோம்.

ஏடும் எழுத்தரும்

இக்கதைகள் மறந்த ஒரு சாரார்க்காகப் பேசுவது நடுவணரசின் எழுத்துப்பணியில் இருக்கும் எமது கடமை. படை என்றவுடன் கதையாசிரியர் துப்பாக்கியைக் காண்கிறார். யாம் பதிவேட்டைக் காண்கிறோம். ஆயிரம் வீரர்க்கு ஆளொன்றுக்கு நாளும் மூன்று லிட்டர் குடிநீர் என்றாலும் மூவாயிரம் லிட்டர் வேண்டும். அது வருவதற்கு வண்டி, வண்டிக்கு எண்ணெய், எண்ணெய்க்கு ஒப்பம், ஒப்பத்துக்கு ஏடு. சம்பளப் பட்டியல் எழுதுபவன் ஒருவன். மாண்டவன் வீட்டுக்கு ஓய்வூதிய ஆணை அனுப்புபவன் ஒருவன். தான் வீழ்ந்தால் தன் பிள்ளைகள் பட்டினி கிடவார் என்று அறிந்த வீரன்தான் நிலைத்து நிற்பான். அவ்வறிவைத் தருவது வாளும் அன்று, வேலும் அன்று, ஒரு தாள். அமெரிக்கப் படைத்துறையில் 2011-இல் பயிற்சிக்காக நடைப்பிணங்களை எதிர்க்கும் திட்டம் ஒன்றையே வரைந்து வைத்தனர்; எந்நாட்டையும் பகையாகக் குறிப்பிட்டு மனம் புண்படுத்தாதிருக்கப் பிணங்களைப் பகையாகக் கொண்டனர். பிணத்துக்கும் கோப்பு உண்டு என்பதை நகைப்பவர் நகைக்கலாம். கோப்பு உள்ளவரை படை உண்டு என்பதே எமது துணிபு.

இது கதை பற்றிய வாதம் மட்டும் அன்று. 2020 மார்ச்சு 24 நள்ளிரவு நாடு அடைபட்டபொழுது, பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் எம் கோவிந்தாபுரச் சாலையும் அடைபட்டது. பெண் கொடுத்த வீடு ஒரு மாநிலத்திலும் பெண் எடுத்த வீடு மறு மாநிலத்திலும் இருக்கும் ஊர் இது. அன்று உலகம் அழிந்ததா? இல்லை. பட்டியலில் பெயர் உள்ளவர்க்கு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் வந்தது. செவிலியர் வந்தார், அஞ்சற்காரர் வந்தார். எங்கே உடைந்தது? பட்டியலில் பெயர் இல்லாதோர் பக்கம் உடைந்தது. வடநாட்டு நெடுஞ்சாலைகளில் தொழிலாளர் நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடந்தனர். மே மாதத்தில் வாளையாற்றுச் சாவடியில் நுழைவுச் சீட்டு இல்லாதோர் வெயிலிலே காத்துக் கிடந்தனர். சுற்றம் இல்லாத இடத்தில் பேய் வரும் என்ற தொல்காப்பியரின் துறை அங்கே மெய்யாயிற்று. நோய் உடைத்ததன்று அது. யாரைச் சுற்றத்தாராக எண்ணினோம், யாரை எண்ணவில்லை என்பது உடைத்தது.

உயிருள்ளோரைப் பிணமெனக் காணும் கண்

இங்கேதான் இக்கதைகளின் பெருந்தீங்கு ஒளிந்திருக்கிறது. ரோமெரோவின் 1968-ஆம் ஆண்டு முதற்படத்தின் முடிவைப் பலர் மறந்துவிட்டனர். அதில் துப்பாக்கி ஏந்திய ஊரார் பிணங்களை வெற்றியோடு ஒழிக்கின்றனர். அவ்வெற்றியின் வேகத்தில், இரவெல்லாம் போராடிப் பிழைத்த கருப்பின இளைஞனையும் பிணமென்று கருதிச் சுட்டு வீழ்த்துகின்றனர். படை பிணத்தை வெல்லுமா என்னும் கேள்விக்கு ஐம்பது ஆண்டுக்கு முன்பே அவர் விடை கூறி, அதனினும் பெரிய கேள்வியை எழுப்பினார்: எது பிணம் என்று முடிவு செய்பவர் யார்?

கதையில் வரும் கேள்வி மட்டும் அன்று இது. 1921 நவம்பரில் திரூரிலிருந்து போத்தனூர் நோக்கி வந்த சரக்கு வண்டிப் பெட்டியில் அடைக்கப்பட்ட மலபார்க் கைதிகளுள் அறுபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுமுட்டி மாண்டனர். எம் பாலக்காட்டுக் கணவாய் வழியே அவ்வண்டி சென்றது. உயிருள்ளோரைச் சரக்கென்று கண்ட கண் அது. நடந்து வரும் கூட்டத்தைக் காட்டி, இவர் மனிதர் அல்லர், குற்றவுணர்வு இன்றிச் சுடலாம் என்று இளைஞர்க்குப் பழக்கும் கதை, அந்தக் கண்ணையே மீண்டும் திறக்கிறது. படை தோற்பதாகப் பொய் சொல்லித் துப்பாக்கியைத் தனியொருவன் கையில் தருவது அதன் முதற்படி.

எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள்

இளைஞர்களே, நடைப்பிணக் கதைகளை எழுதுங்கள். பரணி பாடிய மொழியில் அதற்குத் தடை இல்லை. ஆயின் படையைத் தோற்கடிக்க விரும்பினால் அதன் தோல்வியை எழுதுங்கள். சம்பளம் நின்ற நாளை எழுதுங்கள். தண்ணீர் வண்டி வாராத காலையை எழுதுங்கள். தலைவன்மேல் நம்பிக்கை அற்ற இரவை எழுதுங்கள். தன் தாயின் முகத்தோடு எதிரே வரும் உருவத்தைச் சுட மறுத்துத் துப்பாக்கியைக் கீழே வைத்த வீரனை எழுதுங்கள். அவன் தோற்றான் எனின் யாம் நம்புவோம். அவனுக்காக அழவும் செய்வோம்.

படை வெல்வதாக எழுத விரும்பினால், அதற்கும் சான்று உண்டு. 2024 சூலை 30-ஆம் நாள் வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் புதைந்தன. சென்னைப் பொறியியற் படைப்பிரிவினர் இரவும் பகலும் உழைத்து ஆகஸ்டு முதல் நாளன்றே 190 அடி நீளப் பாலம் ஒன்றை அமைத்து அக்கரையை இக்கரையோடு இணைத்தனர். சாவு நடந்து வந்த ஊரில் படை செய்த வேலை அதுவே: பாலம் கட்டியது. அது துப்பாக்கி ஒலியைப்போல் திரையில் அதிராது. ஆயினும் ஒன்றுகூடி நிற்றல் என்று வள்ளுவர் கூறியதன் பொருள் அங்கே கண்கூடாயிற்று. நடைப்பிணங்கள் எத்தனை ஆயிரம் வரினும் அந்தப் பாலத்தின் இரு கரையிலும் மனிதர் நிற்கும்வரை உலகம் அழியாது என்பதை உறுதியாகச் சொல்வோம்.